'90ஸ் கிட்ஸ்' மிட்டாய்ப் பெட்டி விற்போருக்கு, பாகு காய்ச்சுவோர் எழுதும் திறந்த மடல்

'90ஸ் கிட்ஸ் மிட்டாய்', 'பாட்டி கடைப் பெட்டி', 'மறந்துபோன சுவை' என்றெல்லாம் பெயர் வைத்து, பத்துப் பன்னிரண்டு வகை மிட்டாயை ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்கி இணையத்திலும் கண்காட்சிகளிலும் விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

உங்கள் பெட்டிக்குள் போகும் சரக்கில் ஒரு பங்கைச் செய்து தருகிற சிறு பட்டறைக்காரர்கள் நாங்கள். கமர்கட், தேன் மிட்டாய், இஞ்சி மரப்பா, எள்ளுருண்டை எல்லாம் எங்கள் அடுப்பிலிருந்து உங்கள் கிடங்குக்கு வருகின்றன. கொஞ்ச காலமாக நீங்கள் அனுப்பும் ஆர்டர் தாளில் எல்லா மிட்டாய்க்கும் பொதுவாக ஒரு நிபந்தனை அச்சாகி வருகிறது: ஆயுள் ஆறு மாதம். அதற்குக் கீழே, அதற்குத் தோதாக இன்னும் சில வரிகள். தேங்காய் வேண்டாம், தேங்காய் எசென்ஸ் போதும். நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும். உருண்டைகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குத் தலையாட்டிச் சரக்கு போட்டால் எங்கள் பிழைப்பு ஓடும். ஆனால் பெட்டியின் மேல் நீங்கள் எழுதும் பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

ஒரு மிட்டாய் எத்தனை நாள் தாங்கும் என்பதை ஆர்டர் தாள் முடிவு செய்ய முடியாது. அதில் எவ்வளவு ஈரம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு எண்ணெய்ப்பசை இருக்கிறது, பாகு எந்தப் பதத்தில் இறங்கியது, அது கோடையா மழைக்காலமா என்பவைதான் முடிவு செய்யும். பெட்டிக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் கமர்கட் ஆறு மாதம் கிடந்ததே இல்லை. வாரத்துக்கொருமுறை சைக்கிள் கேரியரில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு சரக்கு போடுகிறவர் வருவார். பாட்டிலின் அடியில் மிஞ்சியதை எடுத்துவிட்டுப் புதிதை நிரப்பிப் போவார். அந்த வாரச் சுழற்சியை நம்பித்தான் இந்தப் பண்டங்களின் செய்முறையே அமைந்தது. நீங்கள் சுழற்சியை மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் பெட்டிகளில் நாங்கள் பார்க்கும் கோளாறுகள் அநேகமாக எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கமர்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை காய்ச்சுவதற்கு, ஒரு கிலோ உருண்டை வெல்லம், சுமார் 400 கிராம் தேங்காய்த் துருவல், 150 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி நெய், நாலைந்து ஏலக்காய். வெல்லத்தை உடைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி மண்ணையும் கசண்டையும் நீக்க வேண்டும். தேங்காய்த் துருவலைத் தனியாகச் சிறுதீயில் வறுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர். வறுக்க வறுக்க அது போகும். துருவல் சிவக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பு, கரண்டியால் புரட்டும்போது சலசலவென்று சத்தம் வரும். அப்போது இறக்க வேண்டும். சத்தம் வருவதற்கு முன்பே பாகில் கொட்டினால், அந்த ஈரம் பாகைத் தளர்த்திவிடும். நாலாம் நாளே உருண்டை பிசுபிசுக்கும், பத்தாம் நாள் சிக்கு வாடை வரும்.

பாகு தக்காளிப் பதத்தைத் தாண்ட வேண்டும். தண்ணீரில் விட்டால் மெத்தென்று திரளும் தக்காளிப் பதம் அதிரசத்துக்கு. கமர்கட்டுக்கு அது பற்றாது. ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டி எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று கேட்க வேண்டும், அதுதான் கல் பதம். தெர்மாமீட்டர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது 125-லிருந்து 130 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே இறக்கினால் மிட்டாய் தாளோடு ஒட்டும், பல்லில் அப்பும். அதற்கு மேலே விட்டால் வெல்லம் கருகிக் கசக்கும். சர்க்கரைப் பாகு கொஞ்சம் பொறுக்கும், வெல்லப் பாகு பொறுக்காது. பதம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, தேங்காயும் நெய்யும் ஏலப்பொடியும் சேர்த்துக் கிளறி, நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டிக் கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் பாகு இறுகிவிடும் என்பதால் மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே மூச்சில் உருட்டுவார்கள். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி. உருண்டைகள் சின்னதும் பெரிதுமாக வருவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது உங்கள் நிபந்தனைகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒரே அளவு வேண்டுமென்றால் அச்சு இயந்திரத்தில் போட வேண்டும். இயந்திரத்தில் ஓடுவதற்குப் பாகு நெகிழ்வாக இருக்க வேண்டும். நெகிழ்வுக்காக லிக்விட் குளுக்கோஸ் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் கெட்டிப் பாகு) கூடுகிறது. குளுக்கோஸ் கூடியதும் வெல்லத்தின் மணம் மங்குகிறது. ஆறு மாதம் வேண்டுமென்பதால் தேங்காய் போகிறது. தேங்காய் போனதால் எசென்ஸ் வருகிறது. எசென்ஸ் மட்டும் போட்டால் நிறம் வெளிறித் தெரிகிறதென்று கேரமல் நிறம் சேர்க்கிறீர்கள். கடைசியில் கையில் இருப்பது கமர்கட் நிறத்தில் ஒரு டாஃபி.

லிக்விட் குளுக்கோஸ் விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாகு பூத்துப் பொடியாகாமல் இருக்க அது உதவும். ஒரு கிலோ வெல்லத்துக்கு 50 கிராம் போட்டால் ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது, மழைக்காலத்தில் கையும் கொடுக்கும். ஆனால் வெல்லத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் குளுக்கோஸை ஊற்றச் சொல்வது செலவைக் குறைக்கும் வழி. அதைக் 'காலத்துக்கேற்ற மாற்றம்' என்று எங்களுக்கு விளக்க வேண்டாம். தேங்காயே போடாத கமர்கட்டும் சில ஊர்களில் உண்டு. அதைச் செய்வதானால் வெல்லத்தை மட்டும் நம்பிச் செய்யுங்கள், தேங்காய் மணத்தைப் பாட்டிலிலிருந்து சொட்டுவிடாதீர்கள்.

நாள் கணக்கு வேண்டுமென்றால் சொல்கிறோம். பச்சைத் தேங்காயை நன்றாக வறுத்துச் செய்த கமர்கட் பதினைந்து நாள் நிற்கும். பச்சைத் தேங்காய்க்குப் பதில் நல்ல கொப்பரையைத் துருவிப் போட்டால் ஒரு மாதம் தாங்கும், ருசியும் பெரிதாகக் கெடாது. ஒரு மாதம் தாங்கும் பண்டத்தை வாராவாரம் செய்து வாராவாரம் அனுப்பலாம். உங்களுக்கு அது கிடங்குக் கணக்கில் தொல்லை, அவ்வளவுதான்.

வெல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதிரிச் சரக்கு அனுப்பும்போது 'இன்னும் மஞ்சளாக வேண்டும்' என்று திருப்பி அனுப்புகிறீர்கள். நல்ல வெல்லத்துக்கு அந்த எலுமிச்சை மஞ்சள் கிடையாது. கரும்புச்சாறு காயும்போதே பழுப்பேறும். பளீரென்று வருவது ஹைட்ராஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டு வெளுத்த வெல்லம். பாகு காய்ச்சும்போது கந்தக நெடி மூக்கில் ஏறும், வைத்திருக்க வைத்திருக்க நிறமும் கறுக்கும். சீனி கலந்த வெல்லம் இன்னொரு தொல்லை. பாகு சீக்கிரம் இறுகும், உடைத்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், மணம் இருக்காது. பழைய, புளிப்பேறிய வெல்லத்தை எவ்வளவு காய்ச்சினாலும் கல் பதம் வராது; கருகுமே தவிர இறுகாது. விலை குறைந்த வெல்லத்தை உங்கள் ஆளே வாங்கி எங்களுக்கு அனுப்பி, 'இதில் செய்து கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு, பிறகு மிட்டாய் ஒட்டுகிறது என்று பணத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. ஐப்பசி கார்த்திகையில் வெல்லம் தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த இரண்டு மாதமும் கமர்கட் ஆர்டரைக் குறைத்துக்கொண்டு எள்ளுருண்டை கேட்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

அடுத்து தேன் மிட்டாய். உங்கள் பெட்டிகளில் அதிகம் விலை போவதும் அதுதான், அதிகம் கெட்டுப்போவதும் அதுதான்.

ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. மூன்று மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வடை மாவு பதத்துக்கு ஆட்ட வேண்டும். புளிக்கவிடக் கூடாது. ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, துளி உப்பு. மிதமான எண்ணெயில் அரைநெல்லி அளவுக்குக் கிள்ளிப்போட்டால் உருண்டு மேலே வரும். இரண்டு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து, இரு விரலுக்கிடையே ஒரு இழை நிற்கும் ஒற்றைக் கம்பிப் பதத்தில் பாகு. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பூக்காது. பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போது உருண்டை சூடாக விழ வேண்டும். பத்து நிமிடம் ஊறியதும் எடுத்துச் சீனியில் புரட்டலாம். சரியாக வந்த தேன் மிட்டாயைக் கடித்தால் மேல்தோல் நறுக்கென்று உடைந்து, உள்ளிருந்து பாகு நாக்கில் இறங்கும். சாத்தூர்ப் பக்கத்துச் சீனி மிட்டாயும் ஏறக்குறைய இதே அரிசி உளுந்து மாவுதான். அங்கே பிழிந்துவிடுவார்கள், இங்கே கிள்ளிப்போடுகிறோம்.

இது கெடும் வழிகள் பல. மாவில் தண்ணீர் கூடினால் உருண்டை சப்பையாகி எண்ணெய் குடிக்கும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே முறுகி உள்ளே மாவாகவே நிற்கும்; உள்ளே குழி விழாது, பாகு இறங்க இடமிருக்காது. சோடா கூடினால் நாக்கில் சோப்பு மாதிரி ஒரு காரல். பாகு இரட்டைக் கம்பிக்குப் போய்விட்டால் உள்ளே நுழையாமல் மேலேயே சீனியாக உறையும். பாகு நீர்த்திருந்தால் உருண்டை ஊறிச் சொதசொதத்துவிடும். இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், மூன்று நாளில் மேல்தோலின் மொறுமொறுப்பு போய்விடும். ஒரு வாரம் கழித்து உள்ளே இருக்கும் பாகு மெல்ல மணல் மணலாக உறையும். யார் செய்தாலும் அப்படித்தான், அந்தப் பண்டத்தின் இயல்பு அது.

இதற்கு ஆறு மாத ஆயுள் கேட்டால் என்ன ஆகும்? உறையாமலிருக்கப் பாகில் பாதிக்குப் பாதி குளுக்கோஸ். பூஞ்சை வராமலிருக்கப் பதப்படுத்தும் உப்பு. தோல் நமுத்துப்போவதை மறைக்க அரிசி மாவைக் குறைத்து மைதா. இப்போது பெட்டிகளில் வருகிற தேன் மிட்டாய் பலவும் ரப்பர் மாதிரி இழுப்பது இதனால்தான். வாங்கிச் சாப்பிட்டவர், 'அந்தக் காலத்து ருசி இல்லையே, நமக்குத்தான் வயதாகிவிட்டதோ' என்று தன் நாக்கைச் சந்தேகிக்கிறார். அவர் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. இன்னொன்று: லேபிளில் தேன்கூட்டுப் படம் எதற்கு? இதில் தேன் ஒரு சொட்டும் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நிறத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது உங்களுக்குத் தெரியும். காரணம் ரோடமின்-பி என்ற சாயம். அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுவது, உணவில் எந்த அளவிலும் அனுமதி இல்லாதது. அந்தத் தடை வந்தபோது எங்களில் பலருக்கு வருத்தம் இருந்தாலும், தடையில் தப்பு இல்லை. அந்த ரோஸ் நிறத்தின்மேல் ஆசைப்பட்டது யார் என்பதுதான் கேள்வி. தேன் மிட்டாயிலும் 'கடையில் வைத்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்' என்று நீங்கள் கேட்கும்போது, அனுமதிக்கப்பட்ட சிவப்பு அந்த அளவுக்கு எடுபடாது. எடுபடாததால் அளவு ஏறுகிறது, அல்லது சாயக் கடைப் பொட்டலம் பட்டறைக்குள் நுழைகிறது. இரண்டுமே குற்றம். பிடிபட்டால் வழக்கு பட்டறைக்காரர் மேல்தான் விழும், ஆர்டர் தாள் எழுதியவர் பெயர் எங்கும் வராது.

அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றில் சிவப்புக்கு பான்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின். தயாரான பண்டம் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு நிறம் கலந்தாலும் மொத்தம் அவ்வளவுதான். 100 மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. கையால் ஒரு சிட்டிகை எடுத்தால் கால் கிராம் சுலபமாக வந்துவிடும். ஒரு கிலோ சரக்குக்கு அதுவே இரண்டரை மடங்கு. ஆகவே எந்தப் பட்டறையிலும் நிறத்தூளை நேராகக் கையால் போடக் கூடாது. ஒரு கிராம் சுத்தமான நிறத்தூளை 100 மில்லி தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, கிலோவுக்கு ஐந்து மில்லி விட்டால் பாதி அளவோடு நின்றுவிடும். பத்து மில்லி என்பது எல்லைக்கோடு. கடையில் விற்கும் பொட்டலங்களில் நிறத்தோடு உப்பும் கலந்திருக்கும் என்பதால் அதில் அச்சிட்டிருக்கும் சாய விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். நகைத் தராசு ஒன்று வாங்கினால் தீர்கிற விஷயம் இது. உங்களில் யாரும் இதுவரை எங்களுக்கு ஒரு தராசு வாங்கித் தந்ததில்லை, அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

'அப்படியானால் பீட்ரூட் சாறு போடுங்கள், இயற்கை நிறம் என்று எழுதிக்கொள்கிறோம்' என்று சிலர் சொல்கிறீர்கள். பீட்ரூட்டை மாவில் கலந்தால் வேலைக்கு ஆகாது. மாவில் சோடா இருக்கிறது. சோடா பட்டாலே அந்தச் சிவப்பு பழுப்பாகும், மிச்சத்தை எண்ணெய்ச் சூடு கொன்றுவிடும். வழி ஒன்று உண்டு. மாவில் எந்த நிறமும் போடாமல் பொரித்து, எலுமிச்சை பிழிந்த பாகை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, சூடு தணிந்த நேரத்தில் சுண்டவைத்த பீட்ரூட் சாற்றைக் கலப்பது. நிறம் மங்கலான இளஞ்சிவப்பாக வரும். வெயில் படாமல் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். அதற்குமேல் வேண்டாம்தானே? பண்டமே ஒரு வாரத்துப் பண்டம். இல்லையென்றால் நிறமே போடாமல் பொன்னிறத்தில் விற்கலாம். ருசியில் எள்ளளவும் மாற்றம் இருக்காது.

சில பண்டங்களைப் பெட்டியில் அடைக்கவே முடியாது. சவ்வு மிட்டாய் அப்படிப்பட்டது. மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மை, அதற்குக் கீழே கழியைச் சுற்றிய பாகு, அதிலிருந்து ஒரு பிடி இழுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிவிடும் வித்தை. சீனிப் பாகைக் கொக்கியில் மாட்டி இழுத்து மடித்து, இழுத்து மடித்து, உள்ளே காற்று புகுந்து வெளுக்கும்வரை அடிப்பதில் இருக்கிறது அதன் நெகிழ்வு. காய்ச்சும்போது இடையில் கிளறினால் முழுப் பாகும் பூத்துப்போகும். செய்த அன்றே தீர்க்க வேண்டும். இரவு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்து ஒழுகும். அந்தப் பெயரில் நீங்கள் உறை போட்டு விற்கும் கட்டி மிட்டாயை வேறு ஏதாவது பெயரில் விற்றுக்கொள்ளுங்கள்.

இலந்தை வடையும் இப்படித்தான் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. இலந்தைப் பழம் மார்கழி தையில் கிடைக்கும்போது உரலில் போட்டு மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் காயவைப்பது. நீங்கள் ஆனியிலும் ஆவணியிலும் அதே அளவு கேட்டால், இலந்தை இருக்க வேண்டிய இடத்தில் புளிதான் இருக்கும். இஞ்சி மரப்பாவில் வேறு சிக்கல். 200 கிராம் இஞ்சியைத் தோல் சீவி அரைத்துப் பிழிந்து, அரைமணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை வண்டலை விட்டுவிட்டு மேலே தெளிந்த சாற்றை மட்டும் எடுத்து அரைக்கிலோ சீனியோடு காய்ச்ச வேண்டும். ஓரமெல்லாம் வெள்ளையாக நுரைத்துப் பூத்து வரும்போது இறக்கிக் கிளறித் தட்டில் ஊற்றித் துண்டு போடுவது. முந்தினால் இறுகாது, பிந்தினால் சட்டியிலேயே பொடியாக உதிரும். சுக்குப்பொடியும் எசென்ஸும் போட்டால் இந்த வேலை எதுவும் இல்லை என்பதால் அதைக் கேட்கிறீர்கள். காரம் வரும், இஞ்சி வராது.

நெடுநாள் தாங்கும் மிட்டாய்தான் வேண்டுமென்றால், நம் பாட்டிகள் அதையும் செய்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பொருள்விளங்காய் உருண்டை. புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கோதுமை, பொட்டுக்கடலை ஆகியவற்றைத் தனித்தனியாக வாசனை வர வறுத்து, சற்றுக் கரகரப்பாக அரைத்து, சுக்கு, ஏலம், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகு உருட்டுப் பதத்தில் இருக்கும்போது மாவின் நடுவே குழி செய்து ஊற்றி, கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். ஆறினால் ஒட்டாது, மறுபடி சூடாக்கினால் உதிர்ந்துவிடும். பிடிக்கிறவர்களின் உள்ளங்கை சிவந்து போகும். இந்த உருண்டையில் ஈரம் ஏறக்குறைய இல்லை, அதனால் டப்பாவில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் கெடாது. கல்போல இருக்கும், கடிக்க முடியாது, வாயில் அடக்கி ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு பிற்பகலே ஓடிவிடும்.

இதை நாங்கள் மாதிரிக்கு அனுப்பியபோது உங்கள் பக்கத்திலிருந்து வந்த பதில், 'ரொம்பக் கடினம், பால்பவுடர் சேர்த்து மிருதுவாக்குங்கள்' என்பது. பால்பவுடரும் கூடுதல் நெய்யும் போட்டால் அது மிருதுவாகும், இரண்டு வாரத்தில் சிக்கும் அடிக்கும். ஆறு மாதம் தாங்க முடியாததைத் தாங்கச் சொல்கிறீர்கள், தாங்கக்கூடியதைத் தாங்காதபடி ஆக்கச் சொல்கிறீர்கள். இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பெட்டியின் மேல் அச்சாகும் வாசகங்களும் எங்களைச் சங்கடப்படுத்துகின்றன. 'இரும்புச்சத்து நிறைந்தது', 'ரத்தம் ஊறும்', இன்னும் துணிந்து 'சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்'. வெல்லம் என்பது சுத்திகரிக்காத சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். கமர்கட் மருந்தென்று எந்தக் கடைக்காரரும் விற்றதில்லை, காசு கொடுத்து வாங்கியவரும் அப்படி நினைத்ததில்லை. கூடவே, பள்ளி வாசலில் மூதாட்டி ஒருவர் கூடையோடு உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடுகிறீர்கள். 2020-ல் வந்த பள்ளிக் குழந்தைகளுக்கான உணவுப் பாதுகாப்பு விதிப்படி, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கவே கூடாது. அந்தப் பாட்டி இன்று அங்கே உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். விதி சரியா தவறா என்பது வேறு பேச்சு. நாங்கள் செய்வது எப்போதாவது ஒன்றிரண்டு தின்னும் தின்பண்டம் என்பதை நீங்களும் ஒப்புக்கொண்டு விற்றால் போதும்.

ஊர்ப் பெயர் விஷயமும் இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதற்குப் பிறகும் வேறெங்கோ செய்த கடலை மிட்டாயைப் பெட்டிக்குள் வைத்து, 'கோவில்பட்டி ஸ்டைல்' என்று சின்ன எழுத்தில் ஒரு சொல்லை ஒட்டவைப்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் வாயில் மண் போடுகிற காரியம். கோவில்பட்டிச் சரக்கு வேண்டுமென்றால் கோவில்பட்டியில் வாங்குங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறோம்.

எல்லா மிட்டாய்க்கும் ஒரே ஆயுள் போடுவதை நிறுத்துங்கள். தேன் மிட்டாய் ஒரு வாரம், பச்சைத் தேங்காய்க் கமர்கட் பதினைந்து நாள், கொப்பரைக் கமர்கட் ஒரு மாதம், எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் காற்றுப் புகாத உறையில் இரண்டு மாதம், பொருள்விளங்காய் அதற்கும் மேல். வெவ்வேறு ஆயுள் உள்ளவற்றை ஒரே பெட்டியில் அடைப்பதாக இருந்தால், முதலில் கெடுவதன் தேதியைத்தான் பெட்டிமேல் போட வேண்டும். அது வியாபாரத்துக்கு ஒத்துவராது என்றால் பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள்: வாராவாரம் அனுப்புவது ஒன்று, கிடங்கில் வைப்பது ஒன்று.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுதச் சட்டமே சொல்கிறது. அதைப் பெட்டியின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடாமல், விற்பனைப் பக்கத்தில் படத்துக்குக் கீழேயே தமிழில் போடுங்கள். குளுக்கோஸ் முதலிடத்தில் இருந்தால் அதுவும் தெரியட்டும். எசென்ஸ் போட்ட பண்டத்தின் உறையில் தேங்காய்ப் படமும் தேன்கூட்டுப் படமும் இருக்கக் கூடாது. நோய் தீர்க்கும் வாசகங்கள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள்.

நிறம் எந்தச் சாயம், எவ்வளவு என்று ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். 'பளிச்சென்று' என்ற சொல்லை இனி நாங்கள் ஏற்க மாட்டோம். ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு மாதிரியை உங்கள் செலவில் சோதனைக்கு அனுப்பி, முடிவின் நகலை எங்களுக்கும் தாருங்கள். வெல்லத்தை நாங்களே பார்த்து வாங்குகிறோம். அன்றைய மண்டி விலையை வைத்துச் சரக்கின் விலையைப் பேசுங்கள். கையால் உருட்டியதில் சின்னதும் பெரிதும் இருக்கும். எடைக்கு வாங்குங்கள், எண்ணிக்கைக்கு வேண்டாம்.

அடுத்த மாத ஆர்டர் தாளில் 'ஆயுள்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள். எந்தப் பண்டத்துக்கு எத்தனை நாள் என்று நாங்கள் நிரப்பித் திருப்பி அனுப்புகிறோம். அந்த நாள் கணக்கை ஏற்கிறவர்களுக்கு மட்டுமே இனி எங்கள் அடுப்பில் பாகு ஏறும்.

இப்படிக்கு,
சிறு மிட்டாய்ப் பட்டறைக்காரர்கள்